சைகோன் 1945: ஓராண்டின் கொந்தளிப்பும் புதுவைத் தமிழரும்

முன்னுரை

கடல் கடந்து பொருளீட்டுதல் தமிழர்க்குப் புதிதன்று. சோழமண்டலக் கரையிலிருந்து கலமேறிய நம் முன்னோர் கீழ்த்திசை நாடுகள் பலவற்றில் வணிகம் செய்தனர், தொழில் செய்தனர், குடும்பமும் கண்டனர். பர்மா, மலேயா, சிங்கப்பூர், இலங்கை ஆகிய நாடுகளுக்குச் சென்ற தமிழரைப் பற்றி நூல்கள் பல வெளிவந்துள்ளன. ஆனால் பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த இந்தோசீனாவுக்குச் சென்ற தமிழரைப் பற்றி நம் மொழியில் எழுதப்பெற்றவை மிகச் சிலவே. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் 'சைகோன்' என்னும் ஊர்ப்பெயரைக் கேளாத பழைய குடும்பங்கள் அரிது. இவ்வாறிருந்தும் அவ்வூரில் நம்மவர் எவ்வாறு வாழ்ந்தனர், எத்தகைய சூழலில் திரும்பினர் என்பவற்றை இன்றைய மாணவர் பெரும்பாலும் அறியார்.

அவ்வரலாற்றில் 1945ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை. அந்த ஓராண்டிற்குள் சைகோன் நகரம் நான்கு ஆட்சிகளைக் கண்டது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அங்கிருந்த தமிழர் முன் 'நீ யார்? எவர் பக்கம் நிற்கிறாய்?' என்னும் வினா எழுந்தது. அவ்வினா எவ்வாறு எழுந்தது, அதற்கு அவர்கள் ஒரே விடையைக் கூற இயலாமற் போனது ஏன், அதன் எதிரொலி புதுவையில் எவ்வாறு கேட்டது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புதுவையும் சைகோனும்

பிரெஞ்சுப் படைகள் 1859இல் சைகோனைக் கைப்பற்றின. 1862ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கொச்சின்சீனாவின் கிழக்கு மாநிலங்கள் மூன்றும், 1867இல் மேற்கு மாநிலங்கள் மூன்றும் பிரான்சின் வசமாயின. 1887இல் கொச்சின்சீனா, அன்னாம், டோங்கின், கம்போடியா ஆகியவற்றை இணைத்து இந்தோசீன ஒன்றியம் அமைக்கப்பெற்றது. லாவோஸ் பின்னர் 1893இல் சேர்ந்தது.

புதிய குடியேற்ற நாட்டை ஆளப் பிரெஞ்சு மொழி அறிந்த எழுத்தர் தேவைப்பட்டனர். சுங்கம், வரி, காவல், நீதிமன்றம், அஞ்சல் என எல்லாத் துறைகளிலும் பணியிடங்கள் இருந்தன. பிரான்சிலிருந்து அத்தனை பேரையும் கொண்டுவருதல் எளிதன்று. புதுவையிலோ தலைமுறை தலைமுறையாகப் பிரெஞ்சுப் பள்ளிகளில் பயின்றோர் இருந்தனர். ஆகவே அவர்கள் கப்பலேறினர். எழுத்தரைத் தொடர்ந்து வணிகரும் பிறரும் சென்றனர். சைகோனில் ஓடிய சிறு குதிரைவண்டிக்கே 'மலபார்' என்று பெயர் வழங்கியது. தென்னிந்தியரைப் பிரெஞ்சுக்காரர் அக்காலத்தில் அப்பெயராலேயே அழைத்தனர் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அங்குச் சென்ற தமிழர் ஒரு தன்மையர் அல்லர். அவர்களை மூவகையாகப் பகுத்துக் காணலாம்.

முதலாமவர், உரிமைப் பத்திரம் பெற்ற பிரெஞ்சுக் குடிமக்கள். 1881ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் ஆணையின்படி, தம் சமயத்திற்கும் சாதிக்கும் உரிய தனிச்சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்று, புதிய குடும்பப் பெயர் ஒன்றையும் சூட்டிக்கொள்வோர் குடிமக்களாகக் கருதப்பெற்றனர். இவர்களை 'ரெனோன்சான்' என்பர். கிறித்தவரும், சாதிக் கொடுமையால் நலிந்த இந்துக்களுமே இவர்களுள் மிகுதி. முஸ்லிம்களுள் இவ்வழியை ஏற்றோர் மிகச் சிலர். இக்குடிமக்கள் கொச்சின்சீனாவிற்குச் சென்றபோது அங்கு நடைபெற்ற தேர்தல்களில் வாக்களிக்கும் உரிமை கோரினர், பெற்றனர். அந்நாட்டு மண்ணின் மைந்தர்க்கு இல்லாத வாக்குரிமை, புதுவையிலிருந்து வந்த எழுத்தருக்கு இருந்தது.

இரண்டாமவர், வணிகர். புதுவை, காரைக்கால், நாகூர், கூத்தாநல்லூர் முதலிய ஊர்களிலிருந்து சென்ற முஸ்லிம்கள் துணி வணிகத்தில் சிறந்து விளங்கினர். சைகோனின் புகழ்பெற்ற கத்தினா வீதியில் அவர்தம் கடைகள் இருந்தன. தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசல் அந்நகரின் நடுவே, தோங் தூ வீதியில் இன்றும் நிற்கிறது. இவ்வணிகருள் புதுவை, காரைக்காலைச் சார்ந்தோர் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டோர். நாகூர், கூத்தாநல்லூரைச் சார்ந்தோர் ஆங்கில ஆட்சிக்குட்பட்டோர். ஒரே தொழுகை வரிசையில் தோளோடு தோள் நின்றவர்கள் இருவேறு அரசுகளின் ஏட்டில் பதிவு பெற்றிருந்தனர்.

மூன்றாமவர், நாட்டுக்கோட்டை நகரத்தார். இவர்கள் ஆங்கில இந்தியாவினர். நெல் விளையும் மேக்கோங் ஆற்றுப் படுகையின் நிலவுடைமையாளர்க்குக் கடன் கொடுத்தவர்கள். 1930களின் பெருமந்தத்தில் நெல்விலை வீழ்ந்தது, கடன்கள் நிலுவையாயின, அதனால் மனக்கசப்பு வளர்ந்தது.

இங்கு ஓர் உண்மையை நாம் மறைத்தல் கூடாது. வியட்நாமிய உழவன் கண்ட தமிழர் பலர் வரி வாங்குபவராகவோ, கடன் கேட்பவராகவோ, காவலராகவோ இருந்தனர். எந்தச் சட்டம் புதுவையில் ஓர் எளிய மனிதரைச் சாதித் தளையிலிருந்து தலைநிமிரச் செய்ததோ, அதே சட்டம் சைகோனில் அவரை ஆளும் இனத்தின் கையாளாகத் தோன்றச் செய்தது. அவர் பெற்ற விடுதலையும் மெய்யே. பிறர்க்கு அவரால் நேர்ந்த சுமையும் மெய்யே. இவ்விரண்டையும் சேர்த்துக் காணாதவிடத்து 1945ஆம் ஆண்டை நாம் விளங்கிக்கொள்ள இயலாது.

போரும் பிரிவும்

1940 ஜூன் திங்களில் பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்தது. அதன்பின் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகள் இருவேறு வழிகளில் சென்றன. புதுச்சேரி ஆளுநர் லூயி பொன்வேன் அவ்வாண்டே தளபதி தெ கோலின் சுதந்திர பிரான்சு இயக்கத்தோடு சேர்ந்தார். இந்தோசீனத் தலைமை ஆளுநர் தெக்கூவோ விஷி அரசுக்குக் கட்டுப்பட்டு நின்றார். 1940 செப்டம்பரில் ஜப்பானியப் படை டோங்கினுள் நுழைந்தது. 1941 ஜூலையில் தென்பகுதிக்கும் வந்தது. பெயரளவில் பிரெஞ்சு ஆட்சி. உண்மையில் ஜப்பானியரின் பிடி. இந்த இரட்டை நிலை நான்காண்டுக்கு மேல் நீடித்தது.

இதனால் புதுவையில் இருந்த தந்தையும் சைகோனில் இருந்த மகனும் போரில் எதிரெதிர் அணிகளில் நிற்க நேர்ந்தது. 1941 டிசம்பரில் பசிபிக் போர் மூண்டபின் இரு கரைகளுக்கும் இடையே கப்பற் போக்குவரத்து அற்றுப்போயிற்று. மாதந்தோறும் வந்த பணமும் மடலும் நின்றன. சைகோன் வருவாயையே நம்பியிருந்த இல்லங்களில் அவ்வாண்டுகள் எத்துணைக் கடினமாகக் கழிந்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இதே காலத்தில் தென்கிழக்கு ஆசியா எங்கும் இந்திய சுதந்திர லீக் பரவியது. 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் அதன் தலைமையை ஏற்றபின் சைகோன் இந்தியரும் பொருளாலும் உழைப்பாலும் துணை நின்றனர். புதுவை வழிவந்த லெயோன் புருஷாந்தி தம் மாளிகையையே லீக்கின் பணிக்கு அளித்தார் என்பது குறிப்பிடத்தக்கது. பிரெஞ்சுக் குடிமகனாக இருந்த ஒருவர் இந்திய விடுதலைக்கு இல்லம் ஈந்தமை, பத்திரத்தில் எழுதிய குடியுரிமையும் நெஞ்சில் எழுதிய நாட்டுப்பற்றும் வெவ்வேறாக இருக்கக்கூடும் என்பதற்குச் சான்றாகும்.

மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை

1945 மார்ச்சு 9ஆம் நாள் இரவு ஜப்பானியர் பிரெஞ்சு ஆட்சியை ஒரே வீச்சில் அகற்றினர். தெக்கூ சிறைப்பட்டார். பிரெஞ்சுப் படைவீரரும் உயர் அலுவலரும் காவலில் வைக்கப்பெற்றனர். ஏறத்தாழ எண்பதாண்டுகள் அசையாது நின்ற ஆட்சி ஓரிரவில் சாய்ந்தது. இரு நாட்கள் கழித்து, மார்ச்சு 11இல் மன்னர் பாவோ தாய் ஜப்பானியர் துணையோடு சுதந்திர அறிவிப்புச் செய்தார்.

அப்போது வடபகுதியில் கொடும் பஞ்சம் நிலவியது. 1944-45ஆம் ஆண்டுகளில் டோங்கினிலும் வட அன்னாமிலும் மாண்டோர் தொகையைப் பல இலட்சம் என்பாரும், இருபது இலட்சம் என்பாரும் உளர். போருக்காக நெல்லைப் பறித்தமை, உணவுப் பயிர் நிலங்களிற் சணல் முதலியன பயிரிடச் செய்தமை, வெள்ளம், தெற்கிலிருந்து அரிசி வரும் வழிகள் குண்டுவீச்சால் அறுந்தமை ஆகிய அனைத்தும் கூடி அப்பேரழிவை விளைத்தன. பசித்த மக்களுக்காக நெற்களஞ்சியங்களைத் திறந்துவிட்ட வியட் மின் இயக்கம் அம்மக்களின் நம்பிக்கையைப் பெற்றது. வங்கத்தில் 1943இல் நிகழ்ந்த பஞ்சத்தை அறிந்த நமக்கு இது புரியாத செய்தியன்று.

ஆகஸ்டு 15இல் ஜப்பான் சரணடைந்தது. 17ஆம் நாள் மாலை நேதாஜி சைகோன் விமான நிலையத்திலிருந்து புறப்பட்டார். உடன் சென்றவர் கர்னல் ஹபீபுர் ரஹ்மான். மறுநாள் தைப்பேயில் விமானம் விபத்துக்குள்ளாயிற்று. சைகோன் இந்தியர் தம் தலைவரை இறுதியாகக் கண்டது அப்பொழுதே.

அதன்பின் நிகழ்ச்சிகள் வெள்ளமெனப் பாய்ந்தன. ஆகஸ்டு 19இல் ஹனோயும் 25இல் சைகோனும் புரட்சியாளர் வசமாயின. 30இல் பாவோ தாய் முடிதுறந்தார். செப்டம்பர் 2இல் ஹனோயின் பா தின் திடலில் ஹோ சி மின் வியட்நாமின் சுதந்திரத்தை அறிவித்தார். அமெரிக்க சுதந்திர அறிக்கையையும் பிரெஞ்சுப் புரட்சியின் உரிமை அறிக்கையையும் அவர் தம் உரையில் எடுத்தாண்டார். பிரான்சு உலகுக்குக் கற்பித்த கொள்கையைக் கொண்டே பிரெஞ்சு ஆட்சியின் மீது வழக்குரைத்த திறம் அது. அதே கொள்கைகளைப் புதுவைப் பள்ளிகளிற் பயின்று சைகோனில் பணியாற்றியோரின் உள்ளத்தில் அவ்வுரை என்னென்ன எண்ணங்களை எழுப்பியிருக்கும்!

செப்டம்பர்: சீருடை அணிந்த இந்தியர்

போட்ஸ்டாம் மாநாட்டு முடிவின்படி, பதினாறாம் அகலக்கோட்டிற்கு வடக்கே சீனப்படையும் தெற்கே ஆங்கிலப்படையும் ஜப்பானியரின் ஆயுதங்களைக் களையவேண்டும். தெற்கே வந்த படை தளபதி டக்ளஸ் கிரேசியின் தலைமையிலான 20ஆவது இந்தியப் படைப்பிரிவு. இம்பாலிலும் பர்மாவிலும் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட படை அது. கூர்க்கா, டோக்ரா முதலிய படையினர் அதில் இருந்தனர்.

கிரேசி செப்டம்பர் 13ஆம் நாள் சைகோனில் வந்திறங்கினார். நேதாஜி புறப்பட்டுச் சென்று அன்று இருபத்தேழு நாட்களே ஆகியிருந்தன. இந்தியாவை விடுவிக்க முயன்ற தலைவர் விடைபெற்ற நகருக்கு, ஒரு திங்கள் முடியுமுன்னரே, ஆங்கிலேயரின் ஆணையை ஏற்ற இந்திய வீரர் வந்துசேர்ந்தனர்.

அவர்கள் வந்த பணி ஆயுதம் களைதல். நிகழ்ந்ததோ வேறு. செப்டம்பர் 21இல் படைத்துறைச் சட்டம் அறிவிக்கப்பெற்றது. வியட்நாமியச் செய்தித்தாள்கள் தடைசெய்யப்பெற்றன. காவலிலிருந்து விடுவிக்கப்பெற்ற பிரெஞ்சு வீரர் ஏறத்தாழ 1,400 பேருக்கு ஆயுதம் வழங்கப்பெற்றது. 23ஆம் நாள் விடியலில் அவர்கள் நகரின் அரசுக் கட்டடங்களைக் கைப்பற்றினர். மறுநாள் வியட் மின் பொது வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்தது. சந்தைகளும் கடைகளும் அடைபட்டன. மின்சாரமும் குடிநீரும் நின்றன. அந்நாட்களில் சித்தே எரோ குடியிருப்பில் பெண்டிரும் குழந்தைகளும் உட்பட நூற்றைம்பது பேரளவில் கொல்லப்பெற்றனர். இரு தரப்பிலும் இரத்தம் சிந்தியது. அக்டோபர் 5இல் தளபதி லெகிளேர் வந்துசேர்ந்தார். பிரெஞ்சு ஆட்சி மீண்டும் கால்கொண்டது. பர்மாவில் இந்திய வீரரோடு பொருத ஜப்பானியர், இப்போது ஆயுதம் களையப்பெறாமல் அதே வீரரின் பக்கம் நிறுத்தப்பெற்று வியட்நாமியரை எதிர்க்க ஏவப்பெற்றனர்.

இந்தியாவில் இதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. தம் நாடே அடிமைப்பட்டிருக்கையில் பிறிதொரு நாட்டின் விடுதலையை ஒடுக்க இந்தியரைப் பயன்படுத்துவதை ஜவாஹர்லால் நேரு கண்டித்தார். 1945 அக்டோபர் 25ஆம் நாள் தென்கிழக்கு ஆசிய நாளாகக் கடைப்பிடிக்கப்பெற்றது. நவம்பர் 5இல் தில்லி செங்கோட்டையில் இந்திய தேசிய இராணுவத்தினர் மீதான வழக்கு தொடங்கியது. ஒருபுறம் ஆங்கிலேயரை எதிர்த்த இந்திய வீரர் குற்றவாளிக் கூண்டில். மறுபுறம் ஆங்கிலேயர்க்கு அடங்கிய இந்திய வீரர் சைகோன் வீதிகளில். 1946 ஜனவரி இறுதியில் கிரேசி வெளியேறினார். படைகளும் படிப்படியாக விலகின.

நால்வகை நிலை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், 1945இல் சைகோன் நகரில் இந்தியர் நால்வகை நிலைகளில் நின்றமை புலப்படும்.

ஒன்று: பிரெஞ்சுக் குடிமகனாகிய எழுத்தர். ஆட்சி போனால் அவர்தம் பணியும் ஓய்வூதியமும் போகும்.

இரண்டு: வணிகர். எவர் ஆண்டாலும் கடை திறக்கப்படல் வேண்டும். கொடுத்த கடன் திரும்பல் வேண்டும். குடும்பம் காக்கப்படல் வேண்டும்.

மூன்று: லீக்கின் தொண்டர். ஜப்பானியர் தோற்றதும் அவர் பகைவர்க்குத் துணைபோனவராகக் கருதப்பட்டார். பிரெஞ்சு ஆட்சி மீண்டபின் புருஷாந்தி சிறைப்பட்டுத் துன்புற்று, உடல்நலமும் உள்ள நலமும் குன்றிப் புதுவைக்குத் திரும்பினார்.

நான்கு: ஆங்கிலச் சீருடை அணிந்த படைவீரர். இட்ட ஆணையை நிறைவேற்றுதலே அவர் கடன்.

இந்நால்வரும் ஒருவரையொருவர் வீதியில் கண்டிருப்பர். ஒரே நாட்டு மண்ணில் வேர்கொண்டவர்கள் நான்கு திசைகளில் இழுக்கப்பெற்றனர். இவர்களுள் ஒருவரை மட்டும் வீரர் என்றும் மற்றவரைக் கோழையர் என்றும் பிரித்தல் எளிது. ஆயின் அது வரலாறு ஆகாது. எழுத்தரின் அச்சத்திற்கும் வணிகரின் தயக்கத்திற்கும் காரணங்கள் இருந்தன. அதே வேளையில், தன் மண்ணில் தான் ஆள விரும்பிய வியட்நாமியனின் உரிமை இவை எல்லாவற்றினும் மேம்பட்டது என்பதையும் நாம் துணிந்து கூறல் வேண்டும். பிறர் நாட்டில் நாம் பெற்ற வாழ்வு, அந்நாட்டாரின் இசைவின்மேல் நிற்காமல் மூன்றாம் ஒருவனின் அதிகாரத்தின்மேல் நின்றமையே நம்மவர் இடர்ப்பாட்டிற்கு அடிப்படை.

புதுவையில் கேட்ட எதிரொலி

1946 மே 7ஆம் நாள் இயற்றப்பெற்ற சட்டம் கடல் கடந்த நாடுகளின் மக்கள் அனைவர்க்கும் பிரெஞ்சுக் குடியுரிமை அளித்தது. 1881இல் பெயரையும் தனிச்சட்டத்தையும் துறந்து பெற்ற நிலை, இப்போது துறக்காதவர்க்கும் கிட்டியது. ஆனால் காலம் கடந்துவிட்டது. அவ்வாண்டு டிசம்பர் 19இல் வியட்நாமில் முழுப்போர் மூண்டது. புதுவையிலிருந்து பிரெஞ்சுப் படையிற் சேர்ந்தோரும் அப்போரிற் பணிபுரிந்தனர். இவர்களையும் இவர்தம் வழியினரையுமே நம் ஊரார் 'சொல்தா' என்கின்றனர்.

1954 மே 7இல் தியன் பியன் பூ வீழ்ந்தது. ஜூலையில் ஜெனீவா உடன்பாடு கையெழுத்தாயிற்று. அதற்கு மூன்று திங்கள் கழித்து, அக்டோபர் 18இல் புதுவையை அடுத்த கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். 170 பேர் இந்தியாவோடு இணைய ஒப்பினர். 8 பேர் எதிர்த்தனர். நவம்பர் 1ஆம் நாள் ஆட்சிப் பொறுப்பு இந்தியாவின் கைக்கு வந்தது. இந்தோசீனாவை இழந்த பிரான்சு புதுவையைப் பற்றிக்கொண்டிருப்பதிற் பொருளில்லை என்று உணர்ந்தது. புதுவை மக்களின் போராட்டத்தாலும் இந்திய அரசின் முயற்சியாலும் கனிந்த விடுதலைக்கு, தொலைவில் வியட்நாமியர் நடத்திய போரும் ஒரு காரணமாயிற்று. எவரை அடக்கிய ஆட்சியில் நம்மவர் பலர் எழுத்தராய் இருந்தனரோ, அவர்தம் வெற்றி நம் விடுதலையையும் விரைவுபடுத்தியது! வரலாற்றின் இம்முரண் நம் சிந்தனைக்குரியது.

1962 ஆகஸ்டு 16இல் ஒப்படைப்பு உடன்படிக்கை சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. இம்மண்ணிற் பிறந்து இங்கு வாழ்ந்த பிரெஞ்சு நாட்டினர் விரும்பினால் அக்குடியுரிமையைத் தொடர, எழுத்து வழி அறிவிக்க ஆறு திங்கள் தரப்பட்டது. சைகோனில் 1945இல் எழுந்த 'நீ யார்?' என்னும் அதே வினா, இப்போது அமைதியான முறையில், ஒரு படிவமாக நம் இல்லங்களின் வாயிலுக்கு வந்தது. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒன்றும் தம்பி ஒன்றுமாகத் தேர்ந்ததும் உண்டு.

முடிவுரை

அரசுகள் மாறும், பத்திரங்கள் மாறும், ஊர்ப்பெயரும் மாறும். சைகோன் 1976இல் ஹோ சி மின் நகராயிற்று. ஆயினும் அங்கே தமிழர் எழுப்பிய பள்ளிவாசலும் மாரியம்மன் கோயிலும் நிற்கின்றன. இங்கே சைகோனில் மணமுடித்து வந்தோரின் இல்லங்களில் 'நெம்' என்னும் வியட்நாமியப் பண்டம் விருந்தில் இடம் பெறுகிறது. அதிகாரம் கட்டியவை சாய்ந்தன. மனிதர் மனிதரோடு கட்டியவை நிலைத்தன. 1945ஆம் ஆண்டு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.

மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். முல்லா வீதியை ஒட்டிய முஸ்லிம் பகுதியிலும், நகரின் பிற வீதிகளிலும், காரைக்காலிலும் பழைய இல்லங்கள் பலவற்றின் மரப்பெட்டிகளில் சைகோன் மடல்களும், கடைக் கணக்கேடுகளும், நிழற்படங்களும், கப்பற்சீட்டுகளும் கிடக்கக்கூடும். அவற்றைக் கரையானுக்கு இரையாக விடுதல் தகாது. முதியோரிடம் சென்று அமர்ந்து கேளுங்கள். ஊர், ஆண்டு, பெயர் ஆகியவற்றைப் பிழையின்றிக் குறியுங்கள். பெரியவர்களும் பெருமைக்குரிய செய்திகளை மட்டுமன்றி, சொல்லத் தயங்கும் செய்திகளையும் இளையோர்க்குச் சொல்லுதல் வேண்டும். சைகோனில் நின்ற அந்நால்வரின் வரலாற்றை அவர்தம் வழியினராகிய நாம் எழுதாவிடில் வேறு எவர் எழுதுவர்?